முசேயின் தொண்டை

ஆங்கிலத்தில் ஒன்றரை வருஷம் பிழையே விடாமல் மௌனமாக இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அது லேசான காரியம் இல்லை. நானெல்லாம் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாலே அதில் நாலு பிழை இருக்கும்.

மொழி சொல்லிக்கொடுக்கிறவர்கள் கூடுகிற இடங்களில் என்னையும் பேசக் கூப்பிடுகிறார்கள். எதிரே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, இந்த அம்மாள் ஏதாவது புது முறை சொல்வாள் என்று காத்திருப்பார்கள். இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் எனக்கு முறை எதுவும் பிடிபடவில்லை. இந்த ஒரு மனிதரைத்தான் தெரியும். அதனால் அவரைப் பற்றிச் சொல்லிவிட்டு, கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

பேரைச் சொல்லப்போவதில்லை. தப்பாக எழுதிவிட்டால் எங்கிருந்தாலும் எழுந்து வந்து சிவப்புப் பென்சிலால் சுழித்துவிடுவார் என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் முசே. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரிய மனிதரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், மற்ற ஊர்களில் ஐயா என்பது போல. அப்போது கல்யாணமாகாத நான் அவருக்கு மத்மசேல்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1957இல். பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பி மூன்றாவது வருஷம். கொடி மாறிவிட்டது, பீரோவில் இருந்த பதிவேடுகள் மாறவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஜனங்கள் அப்போதும் பிரெஞ்சில்தான் பிறந்தார்கள், பிரெஞ்சில்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள், பிரெஞ்சில்தான் செத்தார்கள். ஆனால் மேலே வந்து உட்கார்ந்த அதிகாரி வடக்கே எங்கிருந்தோ வந்தவர். அவருக்குப் பிரெஞ்சும் தெரியாது, தமிழும் தெரியாது. நடுவில் ஆங்கிலம் ஒன்று தேவைப்பட்டது. அதை டைப் அடிப்பதற்கு என்னை எடுத்தார்கள்.

நான் தவளக்குப்பத்துக்காரி. நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பம். கடலூருக்குப் போய்ப் படித்து, அங்கேயே டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்தவள். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு ஏகத்துக்கு இருந்தது. என் ஆங்கிலம் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் அது எனக்குத் தெரியாது என்பதால் தைரியமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

முசேக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். வெள்ளைக் கோட்டு, பையில் அந்தச் சிவப்புப் பென்சில். மனுவானாலும் மருந்துச் சீட்டானாலும் பிரெஞ்சில் எழுதியது எதுவும் அவரிடமிருந்து தப்பாது. கூட வேலை பார்த்த குமாஸ்தா ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பிரெஞ்சில் பத்திரிகை அடித்து, வெற்றிலை பாக்கோடு கொண்டுவந்து கொடுத்தார். முசே அதை வீட்டுக்கு எடுத்துப்போய், ஐந்து இடத்தில் சுழித்து, மறுநாள் அவர் மேஜையில் வைத்தார். கல்யாணத்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டும் வந்தார். அந்த மனிதர் ஏன் தன்னோடு பேசுவதில்லை என்று அப்புறம் என்னிடம் கேட்டார்.

பிரெஞ்சில் பகலுக்கு ஒரு வணக்கம், சாயங்காலத்துக்கு ஒரு வணக்கம். ஆகவே மணி பார்க்காமல் அவர் யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டார். பகலா சாயங்காலமா என்று சந்தேகமான நேரத்தில் தெருவில் எதிர்ப்பட்டால் கடிகாரத்தை எடுத்து, யோசித்து, முடிவுக்கு வந்து தலையை நிமிர்த்துவதற்குள் நாம் அடுத்த தெருவுக்குப் போயிருப்போம். மரியாதை தெரியாதவர் என்று அவரைச் சிலர் சொன்னார்கள். பாவம், மரியாதையில் தப்பு வந்துவிடக்கூடாது என்பதுதான் அவர் கவலை.

பிள்ளைச்சாவடியிலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் ஒருவர் இருந்தார். கடற்கரைப் பக்கம் மிச்சமிருந்த வெள்ளைக்காரர் வீடுகளுக்கு வாடிக்கையாகப் போடுவார். தான் பேசுவது பிரெஞ்சு என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். மீன் பேரெல்லாம் தமிழ், மீதி பிரெஞ்சு, இரண்டுக்கும் நடுவில் கை. வெள்ளைக்கார அம்மாக்களான மதாம்கள் அவரோடு சிரித்துப் பேரம் பேசி வாங்குவார்கள். ஒருநாள் முசே மீன் வாங்கப் போனவர், அவர் ஒரு மதாமிடம் பேசுவதை ஒரு நிமிஷம் நின்று கேட்டார். மீன் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டார். அன்று வீட்டில் கத்தரிக்காய்.

இப்படிப்பட்டவர் மொழி வாத்தியாராகவும் இருந்தார் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நெல்லித்தோப்பில் அவர் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரெஞ்சு வகுப்பு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கும் புருஷனோடு போய்ச் சேர வேண்டிய பெண்கள், ஒரு தையற்காரர், பிரான்சில் மச்சான் இருந்த மில் தொழிலாளி ஒருவர் என்று ஏழெட்டுப் பேர், எல்லாம் பிள்ளை குட்டிக்காரர்கள். வகுப்பில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். மனசில் தோன்றுவதை முதலில் சிலேட்டில் எழுத வேண்டும். அவர் பார்த்துத் திருத்துவார். அழித்து மறுபடி எழுத வேண்டும். மூன்று தரம் சரியாக வந்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். அந்த வகுப்பைப் போல அமைதியான மொழி வகுப்பை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை. பல்பம் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

இரண்டு வருஷம் அங்கே படித்த ஒரு பட்டாளத்துக்காரர் மனைவி, பயணக் காகிதத்துக்காக பிரெஞ்சு கான்சல் அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பிரெஞ்சில் பேர் என்ன என்று கேட்டார். இந்தம்மாள் பையிலிருந்து சிலேட்டை எடுத்தார். எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். மூன்றாவது தரம் எழுதும்போது ஜன்னல்காரர் எழுந்து வந்து, ஊமையோ என்று கூட வந்தவர்களை ஜாடையில் கேட்டாராம். முசேயிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"எழுதுனதுல தப்பு இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்றார்கள். அப்புறம் என்ன குறை என்பது போலப் பார்த்தார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. சிரித்துப் பழகிய வாய் எனக்கு. இனிமேல் சொல்லப்போவது அந்தச் சிரிப்பு செய்த வேலையை.

புது அதிகாரி வந்ததும், ஆங்கிலம் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று மற்றவர்களுக்கு முன்பே முசேக்குத் தெரிந்துவிட்டது. ஒரு இலக்கணப் புத்தகமும் தடியான அகராதியும் வாங்கி, யாருக்கும் சொல்லாமல் ஆறு மாசம் படித்திருக்கிறார். நான் சேர்ந்து மூன்று மாசம் இருக்கும். அதிகாரி அவரைக் கூப்பிட்டு, பாகூரிலிருந்து வரவேண்டிய பதிவேடு வந்ததா என்று கேட்டார். நானும் அந்த அறையில் நோட்டோடு நின்றிருந்தேன். முசே கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து, ஒரு நீண்ட வாக்கியத்தைச் சொன்னார். எழுதிப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இருந்திருக்காது. ஆனால் மனிதர் அதுவரை ஆங்கிலத்தைக் காதால் கேட்டதே இல்லை. பிரெஞ்சை வாசிக்கிற மாதிரியே ஆங்கிலத்தையும் வாசித்துவிட்டார். அதிகாரி, வாட், என்றார். முசே மறுபடி சொன்னார். அதிகாரி மறுபடி, வாட், என்றார்.

நான் சிரித்துவிட்டேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தேன். அதனால் ஒன்றும் குறையவில்லை.

மறுநாள் முசே கழுத்தில் கம்பளி மப்ளரோடு வந்தார். சித்திரை மாசம், வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. தொண்டைக் கட்டு என்று கையைக் காட்டினார். பியூன் சித்தரத்தை கொண்டுவந்து கொடுத்தார். நான் பனங்கற்கண்டு கொடுத்தேன். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாசம் போயிற்று, தொண்டை திறக்கவில்லை. அதிகாரி எதைக் கேட்டாலும் ஒரு துண்டுச் சீட்டில் பதில் எழுதி நீட்டுவார். அந்தச் சீட்டுகளின் ஆங்கிலத்தை என்னவென்று சொல்வது, அச்சடித்த மாதிரி இருக்கும். அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். அவற்றைப் பத்திரப்படுத்தி, ஆங்கிலம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் காட்டுவார். என்னிடம் இரண்டு தரம் காட்டினார்.

எனக்கும் அவருடைய தொண்டைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை. பழைய பதிவேடுகளைப் பார்த்து டைப் அடிக்கக் கொஞ்சம் பிரெஞ்சு வேண்டியிருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நெல்லித்தோப்பு வகுப்புக்குப் போனேன். கூடத்தில் முசே மப்ளர் இல்லாமல், கணீரென்ற குரலில் யாரையோ கண்டித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். சிலேட்டுகளும் நின்றன.

"மத்மசேல், இங்க தொண்டை நல்லாத்தான் இருக்கும்" என்றார். "உக்காருங்க."

உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என்னை அவமானம் பிடுங்கியது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, வகுப்பு முடிந்ததும், நான் உங்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன் என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். அவர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். இரண்டு நிபந்தனை. வெளியில் தெரியக்கூடாது. முழுசாக வரும்வரை தன்னைப் பேசச் சொல்லக்கூடாது.

ஆக, என் வாழ்க்கையின் முதல் மாணவர் வாயே திறக்காத மாணவர். நான் பேசுவேன், அவர் எழுதுவார். ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. எத்தனையோ பேர் இப்படி எத்தனையோ வருஷம் நடத்துகிறார்கள், சம்பளமும் வாங்குகிறார்கள், எனவே இதைப் பெரிய குறையாக நினைக்காதீர்கள்.

பலன் வேறு பக்கத்திலிருந்து வந்தது. முசேயின் மனைவிக்கு இரண்டு கண்ணும் பார்வை போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் அவர் நடப்பதைப் பார்த்தால் நம்ப முடியாது. அடுப்பிலிருந்து கிணற்றடிக்கு, கிணற்றடியிலிருந்து கூடத்துக்கு, சுவரை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு விறுவிறுவென்று போவார். நாங்கள் பாடம் நடத்தும்போது உள்ளே அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாலாவது மாசம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, ஹவ் ஆர் யூ, கம் கம், சிட், காபி குட், என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"நீ சும்மா இருக்க மாட்டே?" என்றார் முசே. காதெல்லாம் சிவந்துவிட்டது அவருக்கு.

"எனக்கென்னா, நான் ஆபீசுக்கா போறேன்" என்றார் அந்தம்மாள்.

நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவோடு அரட்டை அடித்துவிட்டுத்தான் முசேக்குப் பாடம் தொடங்குவேன்.

மறுவருஷம் மழைக்காலம் வந்தது. அதிகாரி நல்ல மனிதர், அதுதான் வினையாகப் போயிற்று. இப்படிப்பட்ட அருமையான குமாஸ்தாவின் தொண்டை ஒன்றரை வருஷமாக ஆறவில்லையே என்று கவலைப்பட்டு, தன் ஜீப்பிலேயே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டர் பிரெஞ்சில் படித்த உள்ளூர்க்காரர். பிரெஞ்சில் பேச ஆள் கிடைக்காமல் அவர் ஏங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்களாம். டாக்டர் அதிகாரிக்காக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த சீட்டில், தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை, குரல் மிக நன்றாக இருக்கிறது என்று இருந்தது. முசே அதை நேர்மையாகக் கொண்டுவந்து அதிகாரியிடம் கொடுத்தார். வழியில் அந்தச் சீட்டில் ஒரு பிழையைத் திருத்தியிருந்தார்.

அதிகாரி முகம் கறுத்துவிட்டது. அது எப்படிப்பட்ட காலம் என்று சொல்ல வேண்டும். யார் பிரெஞ்சுக்காரர் பக்கம், யார் இந்தியா பக்கம் என்று ஊரே ஒருவரை ஒருவர் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. கல்யாணப் பத்திரிகையில் ஐந்து சுழி வாங்கியவர் சும்மா இருப்பாரா? முசே வெள்ளைக்காரர் பக்கத்து ஆள், புது அதிகாரியோடு பேசுவதில்லை என்று சபதம் செய்திருக்கிறார் என்று போய்ச் சொல்லிவிட்டார். அதிகாரி நம்பினார். நம்பாமல் என்ன செய்வார், வேறு எந்தக் காரணத்துக்காக ஒரு மனிதன் ஒன்றரை வருஷம் ஊமையாக இருப்பான்? முசேயை யானாமுக்கு மாற்றும்படி காகிதம் தயாராயிற்று. நான்தான் டைப் அடித்தேன்.

யானாமும் பாண்டிச்சேரி ஆட்சியைச் சேர்ந்த ஊர்தான், ஆனால் அப்போது எங்களுக்கெல்லாம் அது உலகத்தின் கடைசி. மதராஸ் போய், ரயில் ஏறி, ஆந்திராவுக்குள் ஒரு ராத்திரியும் பகலும் போய், பிறகு பஸ். அங்கே தெலுங்கு. ஆங்கிலத்துக்கே வாய் திறக்காதவர் அங்கே போய் என்ன செய்வார் என்று அலுவலகத்தில் எல்லோரும் கேலி பேசினார்கள். எனக்குக் கேலி வரவில்லை. அக்காவை நினைத்துக்கொண்டேன். நெல்லித்தோப்பு வீடு அவருக்குக் கண். புது ஊர், புது வீடு, அக்கம்பக்கம் பேசுவது புரியாது, முசே அலுவலகம் போய்விட்டால் பகல் முழுக்கத் தனியாக. கட்டிலை விட்டு இறங்கினால் எங்கே விழுவாரோ. முசேக்கும் அந்தப் பயம் ஒன்றுதான் இருந்தது. மாற்றல் ரத்தாக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

அவர் ஒரு முழுத் தாளில் மனு எழுதினார். உயர்ந்த ஆங்கிலம். அதில் அக்காவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஏன் என்று கேட்டேன். வீட்டுச் சமாசாரத்தை அலுவலகத் தாளில் எழுதுவது முறையில்லை என்றார். அதிகாரி அதைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். சீட்டு போதும், இனிமேல் அவர் வந்து வாயால் சொல்லட்டும், அதுவும் ஆங்கிலத்தில், நடுவில் நீ மொழிபெயர்க்க வேண்டாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கேட்கத் தயாராக இருப்பதைப் போலத்தான் எனக்குப் பட்டது.

அன்று மாலையிலிருந்து முசே என் எதிரில் வாயைத் திறந்து ஆங்கிலம் பேசத் தொடங்கினார். பதினாலு வாக்கியம். அவர் எழுதியது, நான் உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தது. முதல் முதலாக ஒரு மாணவர் என் முன்னால் பேசுகிறார், என் தலை எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா உள்ளிருந்து, இது நல்லா இருக்கு, இது புரியலை என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாளே முசே கேட்டார். "நாளைக்குப் போயிடலாமா மத்மசேல்?"

நான் வேண்டாம் என்றேன். ஏழாவது வாக்கியம் இன்னும் இடறுகிறது, இன்னும் நாலு நாள் போகட்டும் என்றேன். என் மாணவர் அந்த அறையில் போய் நின்று பேசும்போது அதிகாரி அசந்துபோக வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு காலத்தில் இதே வாய்தான் சிரித்தது, இப்போது இதே வாய்தான் சொல்லிக்கொடுத்தது என்று மனசுக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாத்தியார் சொன்னதைக் கேட்கிற மாணவர். சரி என்று தலையாட்டினார்.

எட்டாம் நாள் போனோம். நான் ஓரமாக நின்றேன். முசே முதல் வாக்கியத்தைச் சொன்னார், அருமை. இரண்டாவது, அருமை. மூன்றாவது பாதியில் அதிகாரி கையை உயர்த்தி, அதெல்லாம் இருக்கட்டும், என்னை ஏன் ஏமாற்றினாய் என்று கேட்டார். பேசுகிறவர்கள் குறுக்கே கேட்பார்கள் என்பது எங்கள் பதினாலு வாக்கியத்தில் இல்லை. முசே நின்றுவிட்டார். கை தானாகக் கோட்டுப் பைக்குப் போயிற்று, சீட்டுக்கு. அதிகாரி வேண்டாம் என்று தலையசைத்தார். நான் வாயெடுத்தேன். என்னையும் பார்த்தார். நான் அடங்கினேன்.

முசே பையிலிருந்து கையை வெறுமனே எடுத்தார். பிறகு பேசினார்.

"சார், ஐ ஃபியர். மை இங்கிலீஷ் பேட். பீப்பிள் லாஃப்." என் பக்கம் திரும்பவில்லை. "மை ஒய்ஃப், நோ ஐஸ். நெல்லித்தோப்பு ஹவுஸ், ஷி நோ. வால் நோ, டோர் நோ, வெல் நோ. யானாம் ஹவுஸ், ஷி நாட் நோ. ஷி ஃபால், சார்."

பயந்தேன், சிரிப்பார்கள், மனைவிக்குக் கண் தெரியாது, நெல்லித்தோப்பு வீட்டில் சுவர், கதவு, கிணறு எல்லாம் அவளுக்குத் தெரியும், தெரியாத வீட்டில் விழுந்துவிடுவாள். அவ்வளவும் சொல்லிவிட்டார். இலக்கணப் புத்தகமும் அகராதியும் சேர்ந்து ஒன்றரை வருஷத்தில் சொல்லாததை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எழுந்து வந்து முசேக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். மாற்றல் காகிதத்தை அனுப்பாமல் ஒரு வாரம் இந்த மேஜையிலேயே வைத்திருந்தேன், வந்து ஏதாவது சொல்வாய் என்று. நீ வரவில்லை. இன்று காலையில்தான் மேலிடத்துக்குப் போயிற்று, கையெழுத்தும் ஆகிவிட்டது. இனி போய்த்தான் ஆக வேண்டும், எப்படியாவது உன்னைத் திரும்பக் கொண்டுவருகிறேன். போன வாரம் இதே மாதிரி வந்து பேசியிருக்கக்கூடாதா?

அந்தப் போன வாரம் முழுக்க நாங்கள் ஏழாவது வாக்கியத்துக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தோம். நான் போட்டுக்கொண்டிருந்தேன். இதை நான் வாத்தியார்கள் கூட்டத்தில் சொல்லும்போது இந்த இடத்தில் யாரும் நோட்டில் எழுதுவதில்லை.

தை பிறந்ததும் இருவரும் யானாம் போனார்கள். வழியனுப்பப் போனேன். அக்கா பஸ்ஸில் ஏறும்போது படி தடுக்கியது. முசே தாங்கிப் பிடித்துக்கொண்டார். என்மேல் கோபமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவரும் கடிகாரம் பார்த்து, வணக்கம் மட்டும் சொன்னார்.

அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மேலே எழுதி எழுதி, ஒன்றரை வருஷத்தில் முசேயைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். வந்துவிட்டார்கள் என்று தெரிந்தும் போய்ப் பார்க்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அக்கா எப்படி இருப்பார், எங்கே அடிபட்டிருக்கும் என்ற நினைப்பே என்னை நெல்லித்தோப்புப் பக்கம் போகவிடவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கூடத்தில் பழையபடி ஏழெட்டுப் பேர் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அதே அமைதி. பிரெஞ்சில் மட்டும் தப்பு கூடாது என்ற சட்டம் அப்படியே இருந்தது. மனிதர் மாறியிருப்பார் என்று எதிர்பார்த்து வந்த எனக்கு அது நன்றாக வேண்டும்.

அக்கா உள்ளே கூப்பிட்டார். நெற்றியில் புருவத்துக்கு மேல் ஒரு பழைய தழும்பு இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

"அங்க போன மொத பத்து நாளு தலையெல்லாம் புடைப்புதான்" என்றார். "எந்தச் சுவரு எத்தினி அடின்னு இவுரு தாள்ல எழுதிப் படிச்சுக் காட்டி, மனப்பாடம் பண்ணு, அதுவரைக்கும் எழுந்திருக்காதேன்னாரு. அதைக் கேட்டிருந்தேன்னா இன்னும் அந்தக் கட்டில்லயே ஒக்காந்துகினு இருப்பேன். அவுரு ஆபீசு போனதும் எழுந்து நடந்துடுவேன். நல்லா இடிச்சுக்குவேன். பக்கத்து வூட்டம்மா ஓடியாந்து கையைப் புடிச்சுகினு தெலுங்குல திட்டும். பதினோராம் நாளு கெணத்துல தண்ணி சேந்துட்டேன். அந்தத் திட்டுலயே பாதித் தெலுங்கும் வந்துட்டுது."

அந்தப் பக்கத்து வீட்டம்மாவே அப்போது அடுக்களையில் இருந்தார். புருஷனுக்குக் கண்ணில் சதை வளர்ந்திருந்ததால் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் காட்ட யானாமிலிருந்து கூட்டிவந்திருந்தார். பெரியவர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். வகுப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்த முசே அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து தெலுங்கில் பேச ஆரம்பித்தார். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அந்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துத் திருத்துவதும், இவர் திருத்தியதைத் திருப்பிச் சொல்வதும், அதற்கும் அந்தம்மாள் சிரிப்பதும் தெரிந்தது. சிவப்புப் பென்சில் பையில்தான் இருந்தது.

நான் பார்ப்பதை முசே கவனித்துவிட்டார்.

"தப்புதான் மத்மசேல். தெரியும்" என்றார்.

பிறகு பெரியவர் பக்கம் திரும்பி இன்னொன்று கேட்டார். அந்தம்மாள் மறுபடி சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். முசே மீன் குழம்பை எடுத்து ஊற்றினார்.